இரைச்சல் போன பிறகுதான் பேச்சு

ஹெல்மெட்டில் இண்டர்காம் பொருத்தக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது தூரத்தைத்தான். "அண்ணே, இது எத்தனை கிலோமீட்டர் கேட்கும்?" பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பதும் அதுதான். நான் பதில் சொல்வதற்கு முன்னால் ஹெல்மெட்டைக் கையில் வாங்கிப் பார்ப்பேன். காது வரும் இடத்தில் பள்ளம் இருக்கிறதா, கன்னப் பஞ்சு கழற்ற வருகிறதா, தாடைப் பக்கம் எவ்வளவு மூடியிருக்கிறது என்று. இண்டர்காம் நன்றாகக் கேட்குமா என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடும். மீதிப் பாதியை வண்டியின் ஒயரிங் முடிவு செய்யும். கிலோமீட்டர் கணக்கு அதற்குப் பிறகுதான் வருகிறது.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஹாரனும் ஃபாக் லைட்டும் மாட்டும் கடையில் தொழில் கற்றவன் நான். சாமான் வாங்க ரிச்சி தெருவுக்கு நடந்து போவோம். ரிலே, ஃபியூஸ் ஹோல்டர், கனெக்டர் எல்லாம் அங்கேதான். அந்தக் காலத்தில் வண்டியில் பேசும் கருவி என்று யாரும் கேட்டு வந்ததில்லை. குழுவாக நெடுந்தூரம் போகிறவர்கள் கையசைத்தும், ஹாரன் அடித்தும், இண்டிகேட்டர் போட்டும்தான் பேசிக்கொண்டார்கள். முன்னால் போகிறவர் இடது காலை நீட்டினால் இடப்பக்கம் குழி என்று அர்த்தம். புளூடூத் இண்டர்காம் நம் ஊர்ச் சாலைகளுக்குப் பரவலாக வந்த பிறகு இந்த வேலையே எனக்குப் பிரதானமாகிவிட்டது.

இரைச்சலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் கேட்கும் காற்றிரைச்சல் 90 டெசிபலைத் தாண்டிவிடும். நிதானமாகப் போகும்போது எஞ்சின் சத்தம் மேலோங்கி இருக்கும். வேகம் ஏற ஏறக் காற்று அதை விழுங்கிவிடும். இந்த இரைச்சலை ஒலி கூட்டி ஜெயிக்கப் பார்க்கிறவர்கள் மாலையில் காது ரீங்கரிக்க வீடு திரும்புவார்கள். நெடும்பயணம் போகிறவர்களுக்கு நான் சொல்வது நுரைக் காதடைப்பான். ரெண்டு சின்னப் பஞ்சு உருளைகள்தான். காதை அடைத்துக்கொண்டு ஸ்பீக்கர் கேட்பதா என்று முகத்தைச் சுளிப்பார்கள். காற்றும் பேச்சும் சேர்ந்தே குறையும். ஆனால் காதுக்குத் தாங்கும் அளவுக்குள் வந்துவிட்டால் பேச்சைப் பிரித்து எடுப்பது மூளைக்குச் சுலபம். அதற்குப் பிறகு ஸ்பீக்கரை ரெண்டு புள்ளி கூட்டினால் போதும். ஒருமுறை அப்படி ஓட்டிப் பார்த்தவர்கள் திரும்ப வெறுங்காதுக்குப் போவதில்லை.

ஸ்பீக்கர் பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகடு. அது காதுத் துளைக்கு நேரே இருக்க வேண்டும். ஒரு விரற்கடை முன்னாலோ கீழேயோ நகர்ந்தால் பாதிச் சத்தம் போய்விடும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் பள்ளத்தின் நடுவில் ஒட்டினால் சரியாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்தப் பள்ளம் கம்பெனி அச்சில் வார்த்தது. காது ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இடத்தில் இருக்கிறது. அதனால் ஆளை உட்கார வைத்து, ஹெல்மெட் போடச் சொல்லி, பட்டையை இறுக்கி, கன்னப் பஞ்சுக்கும் தலைக்கும் நடுவே விரலை விட்டுக் காதுமடலைத் தொட்டுப் பார்த்து, சாக்பீஸால் உள்ளே குறி போடுவேன். முதலில் வெல்க்ரோவில் தற்காலிகமாக ஒட்டுவது. பாட்டு ஓடவிட்டு, ரெண்டு கையாலும் ஹெல்மெட்டை லேசாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கச் சொல்வேன். எந்த இடத்தில் அடிக்குரல் திடீரென்று நிறைகிறதோ அதுதான் இடம். காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால் பின்னால் நுரைத் துண்டு கொடுத்து முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். காதை அழுத்தினால் துண்டை எடுத்துவிட வேண்டும். காலையில் சும்மா உறுத்துவது மத்தியானத்தில் வலியாகிவிடும்.

பெண்களுக்குப் பொருத்தும்போது இன்னும் ரெண்டு விஷயம் பார்க்க வேண்டும். கொண்டை போட்டிருந்தால் ஹெல்மெட் முன்பக்கமாகச் சரிந்து உட்காரும், ஸ்பீக்கர் காதை விட்டு இறங்கிவிடும். பயணத்தில் பின்னல் போடுவாரா கொண்டையா என்று கேட்டு, அதே தலையலங்காரத்தோடு வரச் சொல்வேன். அடுத்தது தோடு. ஸ்பீக்கர் தோட்டை அழுத்தி, திருகு காதுக்குப் பின்னால் குத்தும். பயணத்துக்குச் சின்ன ஒற்றைக்கல் தோடு போட்டுக்கொள்வது நல்லது. கழற்ற மனமில்லாதவர்களுக்கு ஸ்பீக்கரை அரை விரற்கடை மேலே ஏற்றி ஒட்டுவேன், சத்தம் கொஞ்சம் குறைந்தாலும் சரி.

ஓய்வு பெற்ற ஒரு தம்பதி கன்னியாகுமரி போகிறோம் என்று வந்தார்கள். அந்த அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, இவருக்கு வலது காது கொஞ்சம் மந்தம். கல்யாணமான நாள்லேருந்து முதுகைத் தட்டித்தான் பேசிட்டிருக்கேன். தட்டினா வண்டிய நிறுத்துறதா, மெதுவாப் போறதா, டீக்கடை வந்திருச்சான்னு அவருக்குத் தெரிய மாட்டேங்குது" என்றார். இடது ஸ்பீக்கரைக் காதிலிருந்து சற்று விலக்கி வைத்து, வலதில் நுரை கூட்டிக் காதோடு ஒட்டினாற்போல் முன்னுக்குத் தள்ளி, ரெண்டையும் சரிசமமாகக் கேட்கும்படி செய்ய நேரம் பிடித்தது. பிறகு அவர் கடை வாசலில் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, அந்த அம்மா தெருமுனையில் நின்றுகொண்டு பேசிப் பார்த்தார்கள். "மாத்திரை போட்டீங்களா?" என்பதுதான் முதல் வார்த்தை. இந்தத் தொழிலில் எனக்கு நிறைவு தரும் வேலைகள் இவைதான்.

ஹெல்மெட்டில் செய்யவே கூடாத ஒன்று உண்டு. வெளி ஓட்டுக்கும் துணி உறைக்கும் நடுவே இருக்கும் தெர்மாகோல் போன்ற இபிஎஸ் அடுக்குதான் உயிரைக் காப்பது. விழும்போது அது நொறுங்கி, மண்டைக்குப் போக வேண்டிய விசையைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஸ்பீக்கருக்கு இடம் பண்ணுகிறேன் என்று அதைக் கத்தியால் குடைந்து கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிக் குடைந்த ஹெல்மெட் ஒன்று என்னிடம் வந்தது. காதுக்கு மேலே கட்டைவிரல் ஆழத்துக்குப் பள்ளம். நான் அதில் எதையும் பொருத்தாமல், புது ஹெல்மெட் வாங்கி வரச் சொன்னேன். நம் நாட்டில் 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ் 4151 தரமும் ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லாத இருசக்கர ஹெல்மெட்டைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. அந்தத் தரத்துக்குச் சோதித்த ஹெல்மெட்டைக் கத்தி வைத்துக் கெடுத்தால் முத்திரை மட்டும்தான் மிஞ்சும். பள்ளம் இல்லாத ஹெல்மெட்டுக்கு மெல்லிய ஸ்பீக்கர் கிடைக்கிறது. அதுவும் உட்காரவில்லையென்றால் அந்த ஹெல்மெட்டுக்கு இண்டர்காம் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

மைக்கில் சிக்கல் குறைவு. முழுமுக ஹெல்மெட்டுக்குத் தாடைப் பட்டையின் உள்பக்கம் ஒட்டும் பொத்தான் மைக். முன்பக்கம் தூக்கும் வகைக்கும் திறந்த முகத்துக்கும் தண்டு மைக். தண்டு மைக்கில் ஒரு பக்கம் அம்புக்குறியோ புள்ளியோ இருக்கும், அது வாய்ப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். திருப்பி மாட்டிவிட்டால் எதிராளிக்குக் காற்று மட்டும் கேட்கும். நுரை உறை இல்லாத மைக் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

இனி வண்டிக்கு வருவோம். ஹெல்மெட்டில் மாட்டும் செட்டுக்கு அதன் பேட்டரியே போதும். ஆனால் நெடும்பயண வண்டியில் போன், ஜிபிஎஸ், சிலருக்கு வாக்கி டாக்கி என்று எல்லாமே வண்டியின் மின்சாரத்தைக் கேட்கும். வேலையைத் தொடங்கும் முன் மல்டிமீட்டரை வைத்து பேட்டரியைப் பார்ப்பேன். எஞ்சின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை ஏற்றிப் பிடித்தால் 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்க்கொண்டிருக்கிறது, அதை மாற்றாமல் எந்தக் கருவியையும் இணைப்பதில்லை.

சார்ஜரை நேராக பேட்டரியில் கொடுத்துவிடுவது சுலபம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். யுஎஸ்பி சார்ஜர் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் மின்சாரத்தைக் குடிக்கும். 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு அரை ஆம்ப்-அவர். 8 ஆம்ப்-அவர் பேட்டரியுள்ள வண்டியைப் பத்து நாள் நிறுத்தி வைத்தால் பாதிக்கு மேல் காலி, செல்ஃப் எடுக்காது. அதனால் ரிலே. 30-ஆம் முனை பேட்டரிக்கு, 87 கருவிகளுக்கு, 85-உம் 86-உம் சுருளுக்கு. சுருளுக்கான தூண்டலைப் பின்விளக்கு ஒயரிலிருந்து எடுத்தால் சாவி போட்டால்தான் எல்லாம் உயிர் பெறும், சாவியை எடுத்தால் எல்லாம் அணையும். ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஹேண்டில்பார் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால் அதுவரை வரும் ஒயருக்குக் காவல் இல்லை. டேங்குக்கு அடியில் உராய்ந்து அடிபட்டால் பெட்ரோலுக்குக் கீழேயே தீப்பொறி.

இணைப்புகளை நான் சாலிட்ரிங் செய்வதில்லை. ஈயம் ஏறிய ஒயர் விறைத்துப்போகும். வண்டியின் அதிர்வில் விறைப்பு முடிகிற இடத்தில் இழை இழையாக முறியும். சரியான பிளையர் வைத்துக் கிரிம்ப் செய்து, மேலே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டால் மழைக்கும் அதிர்வுக்கும் தாங்கும். கம்பெனி ஒயரைக் கீறிக் கவ்வும் பிளாஸ்டிக் கிளிப்பையும் தொடமாட்டேன். அதன் வழியே ஈரம் நுழைந்து செம்பு பச்சை பிடித்துவிடும், அடுத்த மழைக்காலத்தில் பின்விளக்கே எரியாது.

ஒயர் அறுந்துபோகும் இடம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான், ஹேண்டில் திரும்பும் கழுத்து. ஒவ்வொரு திருப்பத்திலும் அங்கே ஒயர் மடங்கி நிமிர்கிறது. ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பார்த்து, ரெண்டு கோடியிலும் ஒயர் இழுபடாமல் தொங்குகிறதா என்று உறுதி செய்த பிறகுதான் கேபிள் டையை இறுக்குவேன். அதையும் கழுத்தை நெரிக்கிற மாதிரி இறுக்கக் கூடாது.

வண்டியிலிருந்து ஹெட்செட்டுக்குள் புகும் சத்தத்தில் ரெண்டு ஜாதி உண்டு. ஆக்சிலரேட்டரைத் திருகத் திருக மேலே ஏறும் ஒரு சீழ்க்கை. எஞ்சினோடு சேர்ந்து டிக் டிக் என்று அடிக்கும் இன்னொன்று. சீழ்க்கை வந்தால் சார்ஜிங் சுற்றிலிருந்து வருகிறது என்று பொருள். கருவியை வண்டி மின்சாரத்திலிருந்து கழற்றி அதன் சொந்த பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் சத்தம் நின்றுவிடும். எல்லா எர்த்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து கட்டினாலே பல வண்டிகளில் தீர்ந்துவிடும். தீராவிட்டால் ஆடியோ ஒயரில் கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் என்கிற சின்ன டிரான்ஸ்ஃபார்மர் டப்பாவை இடையில் போட வேண்டும். டிக் டிக் ஸ்பார்க் பிளக்கிலிருந்து வருவது. பழைய ஒற்றை சிலிண்டர் வண்டி ஒன்று, போன், வாக்கி டாக்கி, ஹெட்செட் எல்லாம் ஒயரில் இணைத்தது, திருப்பூரிலிருந்து வந்தது. பல இடங்களில் காட்டியும் டிக் டிக் நிற்கவில்லை என்றார் வண்டிக்காரர். டேங்கைத் தூக்கிப் பார்த்தால் ஹெட்செட் ஒயர் இக்னிஷன் காயிலின் உயரழுத்த ஒயரோடு சேர்த்துக் கட்டிக் கிடந்தது. எதிர்ப்பக்கச் சட்டத்தின் வழியாக அதை மாற்றினேன், பாதி போய்விட்டது. பிளக்கைக் கழற்றினால் அதன் எண்ணில் 'ஆர்' எழுத்து இல்லை. என்ஜிகே பிளக்குகளில் அந்த எழுத்து இருந்தால் உள்ளே ஏறத்தாழ 5 கிலோ ஓம் மின்தடை இருக்கிறது என்று பொருள். ரேடியோ இரைச்சலை அடக்கத்தான் அது. அதே வெப்ப எண்ணில் ஆர் எழுத்துள்ள பிளக் மாட்டியதும் ஹெட்செட் மௌனமாகிவிட்டது. அவர் அப்படியே நின்று எஞ்சினை ஏற்றி இறக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

புளூடூத்துக்கு முன்பே மோட்டார் சைக்கிளில் பேசும் வசதி இருந்தது என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. 1980-களில் ஹோண்டா கோல்டுவிங்கில் ஸ்டீரியோ, ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் பேசும் இண்டர்காம், சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோ மூன்றும் கிடைத்தன. ஹெல்மெட்டிலிருந்து ஒரு ஒயர் வந்து வண்டியில் ஐந்து முனை வட்டக் கனெக்டரில் சொருகும். அமெரிக்காவில் சிபி ரேடியோவுக்கு 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 40 சேனல்கள், 4 வாட். லாரிக்காரர்கள் 19-ஆம் சேனலில் பேசிக்கொள்வார்கள். அந்த அலைக்கு ஆண்டெனாதான் தலைவலி. கால் அலை நீளமே ஏறத்தாழ இரண்டே முக்கால் மீட்டர். மோட்டார் சைக்கிளில் அதைச் சுருள் போட்டுக் குட்டையாக்க வேண்டும், அடியில் தரைத்தளமாக வேலை செய்யக் கார்போல அகலமான இரும்புக் கூரையும் கிடையாது.

வாக்கி டாக்கி வேண்டுமென்று வருகிறவர்களிடம் நான் முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவேன். இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, அரை வாட் சக்திக்குள், ஆண்டெனா கழற்ற முடியாத கைக்கருவிக்கு உரிமம் வேண்டாம். அதற்கு மேல் சக்தியுள்ள, எந்த அலைவரிசையிலும் பேசக்கூடிய மலிவான செட்டை வாங்கி வந்து மாட்டித் தரச் சொன்னால் மாட்டமாட்டேன். காவல்துறையும் தீயணைப்பும் பேசும் அலைகள் அதே கருவியில் திறந்து கிடக்கின்றன. உண்மையில் ஆர்வமிருக்கிறவர்கள் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) தேர்வு எழுதலாம். 12 வயதிலிருந்தே எழுதலாம். உரிமம் கிடைத்தால் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸில் ஐந்து வாட் கைக்கருவியும் அரை மீட்டர் ஆண்டெனாவும் மலைப்பாதையில் நல்ல துணை. அவற்றுக்குப் பேசும் பொத்தானை இடது கைப்பிடியில், கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் வைப்பேன். குரல் கேட்டதும் தானே திறக்கும் வசதி இந்த வேலைக்கு ஆகாது, காற்றுக்கே திறந்துகொள்ளும்.

இப்போது அந்தக் கிலோமீட்டர் கேள்விக்கு வரலாம். புளூடூத் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் நடப்பது. பார்வைக்கு நேரே இருந்தால் தூரம் போகும்; நடுவில் பாறையோ லாரியோ வந்தால் நின்றுவிடும். பெட்டியில் போட்டிருப்பது மேடு பள்ளம் இல்லாத வெட்டவெளிக் கணக்கு. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அந்தக் கணக்கு செல்லாது. முன்வண்டி ஒரு வளைவு திரும்பி மேலே போனதும், தலைக்கு நேர் மேலே சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தாலும், மலை நடுவே நின்று குரலை வெட்டிவிடும். மெஷ் இங்கேதான் கைகொடுக்கிறது. கார்டோ கம்பெனி 2015-இல் கொண்டுவந்த மெஷ்ஷில் பதினைந்து பேர் வரை சேரலாம். நடுவில் இருக்கும் ஒவ்வொரு செட்டும் அடுத்ததற்குக் குரலைக் கடத்தும், ஒருவர் விலகிப் போனால் வலை தானே பின்னிக்கொள்ளும். பழைய புளூடூத்தில் ஒருவருக்கொருவர் கைகோத்த வரிசைதான். நடுவில் ஒருவர் பெட்ரோல் போட நின்றால் பின்னால் இருப்பவர்கள் எல்லாம் அறுந்துபோவார்கள். வேறு வேறு கம்பெனி செட்டுகளைச் சேர்க்கவும் வழி உண்டு. ஆனால் பெரும்பாலும் எதிர்ச் செட்டைப் போன் என்று நம்ப வைத்துத்தான் சேர்க்கிறோம், அதனால் போனுக்கு உரிய இணைப்பு ஒன்று குறைந்துபோகும். குழுவாகப் போகிறவர்கள் செட் வாங்கும் முன் கூடிப் பேசி ஒரே வகை வாங்குங்கள்.

லடாக் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லித்தியம் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே உள்ள குளிரில் சார்ஜ் செய்தால் நிரந்தரமாகக் கெடும். ராத்திரி ஹெல்மெட்டை வண்டியிலேயே விடாமல் செட்டைக் கழற்றிப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்தி முடித்த பிறகு என்ன பேசுவது என்றும் சொல்லி அனுப்புவேன், அதைக் கேட்டுச் சிலர் வியப்பார்கள். முன்னால் போகிறவர் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான்: "இடதுல மணல்", "வேகத்தடை", "மாடு", "எதிர்ல பஸ், ஏறாதீங்க". வார்த்தை சின்னதாக, நிகழ்வதற்கு முன்னதாக வர வேண்டும். வளைவிலும் லாரியைத் தாண்டும்போதும் யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு ஓட்டும்போது கையில் பிடித்துப் பேசும் கருவியை ஆபத்தான ஓட்டுதல் என்று சேர்த்திருக்கிறது. கைக்கு வேலை இல்லாவிட்டாலும் மனத்துக்கு வேலை இருக்கிறது. நீளமான போன் பேச்சுக்கு வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள்.

இண்டர்காம் பொருத்தக் கொடுக்கிறவர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஹெல்மெட்டைக் கடையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், கூடவே உட்காருங்கள். ஃபியூஸ் எங்கே வைத்தார்கள் என்று காட்டச் சொல்லி, உதிரியாக ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹேண்டிலை ரெண்டு பக்கமும் நீங்களே திருப்பிப் பாருங்கள். பணம் கொடுக்கும் முன் புறவழிச்சாலையில் எண்பதில் ஒரு ஓட்டம் போய் வாருங்கள். அதற்குப் பொறுமையில்லாமல், கடை வாசலில் நன்றாகக் கேட்கிறதே என்று சொல்கிற இடத்தில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.